மின்கிட்டாரும் பறையும்: தென்மாவின் இசைப்பயணம் குறித்த ஒரு திறனாய்வு

திருச்சபை இசையைப் பற்றி நம்மிடையே நடைபெறும் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகின்றன. ஞானப்பாட்டா, கீர்த்தனையா என்பது ஒன்று. ஆர்மோனியமா, கிட்டாரா என்பது மற்றொன்று. இவ்விரண்டு கேள்விகளும் ஆலயத்துக்குள் ஏற்கெனவே இடம் பெற்றுவிட்டவற்றை மட்டுமே ஒப்பிடுகின்றன. உள்ளே வர இயலாமல் வெளியில் நிற்பது எது, அது ஏன் வெளியில் நிற்கிறது என்னும் கேள்வியை அவை எழுப்புவதில்லை. அக்கேள்வியைச் சென்னை நகரத்து ராக் இசைக்கலைஞர் ஒருவர் தம் இசைவாழ்வினால் எழுப்பியிருக்கிறார். தென்மா என்று அறியப்படும் அவருடைய பயணத்தையும், அவர் வழிநடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் இசையையும் ஆய்ந்து, திண்டுக்கல் சமவெளியில் ஊழியம் செய்யும் நமக்கு அதில் என்ன பாடம் உண்டு என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ராக் இசையின் பிறப்பிடம்

ராக் இசை என்றவுடன் நம் மூப்பர்களில் பலர் முகம் சுளிக்கின்றனர். அது உலகத்தாரின் இசை, ஆலயத்துக்கு ஒவ்வாதது என்பது அவர்கள் எண்ணம். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாகவும் அடிமைகளின் மக்களாகவும் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் துயரப் பாடல்களும், அவர்களுடைய ஆலயங்களில் எழுந்த துதிப்பாடல்களும் ராக் இசையின் வேர்களாகும். ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் 1915இல் பிறந்த ரோசெட்டா தார்ப் என்னும் அம்மையார் பெந்தெகொஸ்தே சபையொன்றில் வளர்ந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தாயாருடன் நற்செய்திக் கூட்டங்களில் கிட்டார் இசைத்துப் பாடியவர். 1944இல் அவர் பதிவுசெய்த நற்செய்திப் பாடல் ஒன்றையே ராக் இசையின் முன்னோடிகளுள் ஒன்றாக இசை வரலாற்றாசிரியர் பலர் எண்ணுகின்றனர். அவரைக் கேட்டு வளர்ந்த ஆண்கள் புகழும் பொருளும் பெற்றனர். அவர் 1973இல் மறைந்தார். ராக் இசையின் மாமனிதர் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2018இல்தான்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. ஒடுக்கப்பட்ட மக்களின் குரல் பெருக்கி வழியாக ஒலித்தபோது பிறந்ததே மின்கிட்டாரின் இசை. அவ்விசை உலகெங்கும் பரவியபோது, அதைப் பிறப்பித்தவர்களின் பெயர் மட்டும் மறைக்கப்பட்டது. தென்மாவின் பயணத்தை எடைபோடும்போது இவ்விரண்டையும் நாம் மனத்தில் கொள்ளவேண்டும்.

2. தென்மாவின் பாதை

நம் நாட்டு நகரங்களில் ராக் இசை நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே பாடப்பட்டது. கல்லூரி விழாக்களில் மேலைநாட்டுக் குழுக்களின் பாடல்களைப் பிசகாமல் இசைப்பதே திறமையின் அளவுகோலாக இருந்தது. கிட்டார் வாங்க வசதியும் ஆங்கிலம் பாட நாவும் உள்ளவர்களின் இசையாக அது சுருங்கிற்று. அடிமைகளின் வயலில் முளைத்த இசை, இங்கு வந்தபோது மேல்தட்டு இளைஞரின் அடையாளமாயிற்று என்பது எண்ணத்தக்க முரண்.

இந்தச் சூழலிலிருந்து தமிழுக்குத் திரும்பியவர்களுள் தென்மாவும் ஒருவர். கபேர் வாசுகியுடன் சேர்ந்து 'குரங்கன்' என்னும் குழுவில் திரைப்படத்தைச் சாராத தமிழ்ப் பாடல்களை இசைத்தார். தமிழில் பாட்டு என்றாலே திரைப்பாட்டு என்று ஆகிவிட்ட நாட்டில் இது சிறிய முயற்சியன்று. ஆயினும் மொழி தமிழாயிற்றே தவிர, மேடையும் கேட்போரும் பெரிதும் மாறவில்லை.

மாற்றம் 2017ஆம் ஆண்டின் இறுதியில் நேர்ந்தது. 'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'கபாலி' ஆகிய படங்களை இயக்கிய பா. இரஞ்சித், தம் நீலம் பண்பாட்டு மையத்தின் வாயிலாக ஓர் இசைக்குழுவை உருவாக்க முன்வந்தார். அதைக் கட்டியமைக்கும் பொறுப்பைத் தென்மா ஏற்றார். குரல் தேர்வு நடத்தப்பட்டு 19 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் வடசென்னையின் கானாப் பாடகர்களும், அரக்கோணத்திலிருந்து வந்த சொல்லிசைக் கலைஞர் அறிவும், கானாப் பாடும் பெண்மணியான இசைவாணியும் இருந்தனர். 2018 ஜனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி ஆயிரக்கணக்கானோர் முன் அரங்கேறியது. அது நிகழ்ந்த இடம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி வளாகம் என்பதை வாசகர்கள் கருத்திற் கொள்வார்களாக. நம் ஆலயங்களுக்குள் இன்னும் நுழையாத ஓசை, நம் பள்ளியின் மைதானத்தில் ஒலித்துவிட்டது.

குழுவின் பெயருக்கு ஒரு வேர் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914), ஒடுக்கப்பட்ட மக்கள் தம்மைச் சாதியின் பெயரால் குறிக்க மறுக்கவேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வற்புறுத்தியவர்; சாதிபேதமற்ற திராவிடர் என்னும் பெயரை முன்வைத்தவர்; 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். அவருடைய சொல்லை ராக் குழு ஒன்று தன் பெயராகச் சூடிக்கொண்டது.

3. கருவிகளின் கூட்டு

இக்குழுவின் இசையில் நம் கவனத்தை ஈர்ப்பது பாடற்பொருள் மட்டுமன்று, கருவிகளின் அமைப்பும் ஆகும். மின்கிட்டாரும் மேலைநாட்டு முரசும் ஒருபுறம். சட்டி, கட்டைமேளம், டோலக்கு, பறை ஆகியவை மறுபுறம். இத்தகைய கூட்டுகள் நம் நாட்டில் முன்பும் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலும் மேலை இசையே கட்டடமாகவும், நாட்டார் கருவி சுவரில் தீட்டிய வண்ணமாகவும் இருந்தன. இங்கு நிலை தலைகீழாக உள்ளது. தாளத்தின் நடையைச் சட்டியும் பறையும் வகுக்கின்றன. கிட்டார் அதைப் பின்தொடர்கிறது. தாம் கற்ற கருவியைத் தம் குழுவில் முதலிடத்திலிருந்து விலக்கிவைக்கும் துணிவே தென்மாவின் தலையாய கலைத்திறன் என்று நாம் கருதுகிறோம்.

கானா என்பது இறப்புவீட்டில் விடியும்வரை பாடப்படும் பாட்டு. வடசென்னையின் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த மக்கள், தம்முள் ஒருவர் மாண்டபோது அவர் வாழ்வைப் புகழ்ந்தும், மரணத்தைக் கேலி செய்தும், நிலையாமையை நினைந்தும் பாடினர். 1990களில் தேவா போன்ற இசையமைப்பாளர்கள் அதைத் திரைக்குக் கொணர்ந்தபோது, குத்தாட்டமும் கேலியும் மிஞ்சின, துக்கம் உதிர்ந்துவிட்டது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அந்தத் துக்கத்தை மீட்டெடுத்து, அதை நீதிக்கான வழக்காக மாற்றியது. இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி உணவு, நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்படும் குடிசைகள், அம்பேத்கரின் நினைவு ஆகியன பாடுபொருள்களாயின. இறந்தவருக்காக அழும் பாடலில் கொலைக்கு நீதி கேட்கும் குரல் கலப்பது திருமறை மாணவருக்குப் புதிதன்று. எரேமியாவின் புலம்பலும் ஆமோசின் கண்டனமும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்று நாம் வகுப்பறையில் கற்பித்து வருகிறோம்.

குழுவினர் முதல் மேடையில் கோட்டும் சூட்டும் அணிந்து நின்றதும் பொருளற்ற அலங்காரமன்று. பறை அடிப்பவர் இடுப்புத் துண்டுடன் தெருவோரம் நிற்கவேண்டும் என்னும் வழக்கத்துக்கு, அண்ணல் அம்பேத்கரின் உடை அளித்த மறுமொழி அது.

4. பரட்டை அண்ணன் முன்சென்ற வழி

இப்பாதையில் நம் திருச்சபையின் ஊழியர் ஒருவர் தென்மாவுக்கு முன்னரே நடந்து சென்றுள்ளார். மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருட்திரு ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அவர்களை, 'பரட்டை அண்ணன்' என்று மாணவர் அன்புடன் அழைத்தனர். மேலை இசையும் கர்நாடக இசையும் கற்றுத் தேர்ந்த அவர், கிராமத்து மக்களின் இசைக்குத் தம்மை மாற்றிக்கொண்டார். அவர் இயற்றிய கிராமிய இசை வழிபாடு, நற்கருணை ஆராதனை முழுவதையும் நாட்டார் மெட்டுகளில் அமைத்தது. கடவுளைப் பெற்றவர் என்று, தாயையும் தந்தையையும் ஒருசேர உள்ளடக்கும் சொல்லால் அழைக்க அவர் கற்றுக்கொடுத்தார். ஒரே உலையில் பொங்கி அனைவரும் உண்பதே நற்கருணையின் பொருள் என்றார். அவரைப் பற்றி அமெரிக்க இசையியல் அறிஞர் ஸோயி ஷெரினியன் எழுதிய ஆங்கில நூல் 2014இல் வெளிவந்தது.

அப்பாவு அவர்களின் வாதம் எளியது. கீர்த்தனை அழகியது, ஆனால் அதைத் தவறின்றிப் பாடப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கு ஓய்வும் பொருளும் வேண்டும். நாட்டார் பாடலோ பாடுகிறவரின் உடைமை. அவர் அதை மாற்றலாம், சேர்க்கலாம், தம் துன்பத்தைத் தம் பேச்சுமொழியில் அதற்குள் வைக்கலாம். இவ்வாதத்துக்கு வரலாறும் துணைநிற்கிறது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பு நம் பாட்டுப் புத்தகத்தின் முன்னோடியாகும். அதற்கு ஊற்றாக அமைந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவருடைய பாடல்களால் நாம் இன்றும் ஆறுதல் பெறுகிறோம். அவரே சபைக்குள் சாதி வேறுபாடுகளைக் காக்கவேண்டும் என்று மிஷனரிகளோடு வாதிட்டு எழுதியவர் என்பதையும் மாணவருக்கு மறைக்காமல் சொல்லவேண்டும். பாட்டின் இனிமை ஒன்றே பாடுகிறவரின் பந்தியை விரிவாக்கிவிடாது.

அப்பாவும் தென்மாவும் ஒரே ஆற்றை இருவேறு துறைகளில் கடந்தவர்கள். ஒருவர் வழிபாட்டுக்குள் நின்று கிராமத்துக்குப் போனார். மற்றவர் மேடையில் நின்று சேரிக்குப் போனார். இருவரும் தாம் கற்ற உயர்ந்த இசையைத் தலைமைப் பீடத்திலிருந்து இறக்கிவைத்தனர்.

5. கின்னரத்தைத் தொங்கவிட்டவர்கள்

இனி, நம் சமவெளியில் இக்கேள்வி எப்படி எழுகிறது என்று பார்ப்போம். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்குப் பதனிட்ட தோல் கடல் கடந்து சென்று காலணியாகவும் கைப்பையாகவும் மதிக்கப்பட்டது. அதே தோலை வேப்பமர வளையத்தில் இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி, குச்சியால் அடித்தால் மட்டும் தீட்டாகிவிட்டது. சங்க காலத்தில் ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை உண்டு. பேசுதல் என்று பொருள்படும் வேரிலிருந்து பெயர் பெற்ற அக்கருவி, பிற்காலத்தில் பேச உரிமையற்றவர்களின் கையில் கட்டாய ஊழியமாகத் திணிக்கப்பட்டது.

ஆகவே நம் கிராமச் சபைகளில் பறை இல்லாமைக்குக் காரணம் மிஷனரிகளின் வெறுப்பு மட்டுமன்று. நாம் பணியாற்றிய சேகரம் ஒன்றில், அறுப்பின் பண்டிகைப் பவனிக்குப் பறை வைக்கலாமே என்று யோசனை கூறினோம். முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்க அப்பா அதைக் கீழ வச்சதாலதான் நாங்க நிமிர்ந்தோம். அதைத் திரும்ப எடுன்னு நீங்களே சொல்லுறீங்களா?" என்றார். கூட்டம் அமைதியாயிற்று. அக்கேள்விக்கு அவசரமாக விடை கூற எந்த இறையியலுக்கும் உரிமை இல்லை.

137ஆம் சங்கீதத்தை நாம் இங்கே புதிதாக வாசிக்கவேண்டும் என்று தோன்றுகிறது. பாபிலோனின் ஆறுகளருகே சிறைப்பட்டவர்கள் தம் கின்னரங்களை அலரிச்செடிகளில் தொங்கவிட்டனர். பாடத் தெரியாததாலன்று, இசையை வெறுத்ததாலுமன்று. சிறைபிடித்தவர்கள் தம் களிப்புக்காகப் பாடச் சொன்னார்கள். கட்டளைக்குப் பாட அவர்கள் மறுத்தார்கள். மௌனமே அவர்களுடைய போராட்டமாயிற்று. பண்ணையார் வீட்டுச் சாவுக்கு இனி அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த நம் முன்னோர் செய்ததும் இதுவே. அதைத் தாழ்வு மனப்பான்மை என்று பெயரிட்டுப் பேசும் அறிஞர்கள் அச்செயலின் வீரத்தைக் காணத் தவறிவிடுகின்றனர்.

அப்படியாயின் கின்னரத்தை மீண்டும் எடுப்பது எப்போது? கட்டளையிட்டவனின் அதிகாரம் ஒழிந்தபோது. என்ன பாடுவது, எங்குப் பாடுவது, யாருக்காகப் பாடுவது என்பதைப் பாடுகிறவரே தீர்மானிக்கும்போது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பறையை எடுத்தது அத்தகைய நிபந்தனையோடுதான். மேடை அவர்களுடையது, சொல் அவர்களுடையது, உடையும் அவர்கள் தெரிந்துகொண்டது. திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவி சகோதரி சந்திரா அவர்களின் முயற்சியால் வளர்ந்த சக்தி நாட்டுப்புறக் கலை மையமும் இதே உண்மைக்குச் சான்று. அங்கே ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்பிள்ளைகள் பறையைக் கையிலேந்தி ஆடுகின்றனர். மரபுவழியில் ஆண்கள் மட்டும் அடித்த கருவி அது. சாவுக்கு அடிக்கக் கட்டளை பெற்ற கருவி அது. இளம்பெண்கள் அதைத் தம் விருப்பத்தால் எடுத்தபோது, ஒரே அடியில் இரு கட்டளைகள் முறிந்தன. ஷெரினியன் அம்மையார் இம்மையத்தைப் பற்றியும் ஆவணப்படம் எடுத்துள்ளார். நம் ஊரின் செல்வத்தை அயல்நாட்டார் படமெடுத்துக் காட்டியபின் நாம் அறிகிறோம் என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

6. குறைகளும் ஆபத்துகளும்

திறனாய்வு புகழுரையோடு நின்றுவிடலாகாது. இவ்விசையில் நாம் காணும் குறைகள் மூன்று.

முதலாவது, பெண்களின் இடம். முதல் மேடையில் நின்ற 19 பேரில் பெண் பாடகி இசைவாணி ஒருவரே. 2020இல் பி.பி.சி. நிறுவனத்தின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. எனினும் சாதியை மறுக்கும் குழுவில் ஒரு பெண் மட்டும் என்பது எண்ணிப்பார்க்க வேண்டியது. சபரிமலையில் பெண்கள் நுழைவதை முன்னிட்டு அவர் பாடிய பாடல் 2024இல் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. பிற சமயத்தாரின் ஆலயக் கதவைப் பற்றிய அப்பாடலுக்குக் கைதட்ட நம்மிற் சிலர் விரைந்தனர். நம் சேகரக் கமிட்டிகளில் எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கின்றனர் என்று எண்ணிய பின்பு கைதட்டுவது நலம்.

இரண்டாவது, சொல்லின் விரைவு. சில பாடல்களில் முழக்கம் பாட்டை விழுங்கிவிடுகிறது. கேட்போர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கருத்தை உரத்துச் சொல்லுவது கூட்டத்தை எழுப்பும். ஒப்புக்கொள்ளாதவரின் உள்ளத்தைத் தொடாது. தனி ஒரு மனிதரின் இழப்பைச் சொல்லும் கானா இவ்விடத்தில் வலிமை மிக்கது. இக்குழு துக்கத்தை நம்பிப் பாடும் இடங்கள் முழக்கத்தை நம்பிப் பாடும் இடங்களைவிட உயர்ந்து நிற்கின்றன. நம் பிரசங்கங்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, சந்தை. 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' என்னும் பாடலை எழுதிப் பாடியவர்களுள் அறிவு ஒருவர். நிலமற்ற தம் முன்னோரின் கதை அதில் ஒலித்தது, கோடிக்கணக்கானோர் கேட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசையிதழ் தன் அட்டைப்படத்தில் அப்பாடலின் பெயரைப் போற்றியபோது அறிவின் முகம் அங்கில்லை. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அப்பாடல் ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. யார் எவ்வளவு பங்களித்தார் என்னும் வழக்கில் நாம் தீர்ப்புக் கூறவில்லை. ரோசெட்டா தார்ப் அம்மையாருக்கு நேர்ந்ததை மேலே கண்டோம். பாட்டை வரவேற்றுப் பாடினவரை வாசலில் நிறுத்தும் பழக்கம் உலகெங்கும் ஒன்றாகவே இருக்கிறது. பாபிலோன் எப்போதும் சாட்டையோடு வருவதில்லை. சில வேளைகளில் ஒப்பந்தத் தாளோடும் வருகிறது.

தென்மா பின்னர்த் திரைப்படங்களுக்கும் இசையமைத்தார். 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' (2019), 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. திரையை விட்டு வெளியே வந்தவர் திரைக்குள் சென்றதை வீழ்ச்சி என்று நாம் கூறமாட்டோம். பரந்த மக்களைத் தேடுகிறவருக்குத் தமிழ்நாட்டில் திரையைத் தவிர்ப்பது கடினம். ஆயினும் திரைக்கு வெளியே 19 பேர் கூடித் தீர்மானித்த இசையும், இயக்குநரின் காட்சிக்கு ஏற்ப ஒருவர் அமைத்த இசையும் ஒன்றல்ல. முன்னையதன் கூட்டுத்தன்மையே அவருடைய பயணத்தின் உச்சம் என்பது நம் முடிவு.

7. நம் சேகரங்களுக்கு

இன்று திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சிற்றூர் ஆலயங்களிலும் கிட்டாரும் விசைப்பலகையும் வந்துவிட்டன. இளைஞர் பாடகர் குழுவினர் ஆர்வத்துடன் இசைக்கின்றனர். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கிட்டாரின் வருகையை மட்டும் கொண்டு நம் வழிபாடு புதிதாயிற்று என்று எண்ணிவிடலாகாது. கிட்டார் நம் ஆலயத்துக்குள் எளிதாக வந்தது, அதன் அடிமை வரலாறு நமக்குத் தெரியாததால். பறை வர இயலவில்லை, அதன் அடிமை வரலாறு நமக்கு நன்கு தெரிந்திருப்பதால். தொலைவிலுள்ள அடிமையின் கருவியைத் தழுவிக்கொண்டு, அடுத்த தெரு மனிதரின் கருவியைக் கண்டு கூசுகிறோம்.

இதற்குப் பரிகாரம் அடுத்த ஞாயிறன்றே பறை அடிக்க ஏற்பாடு செய்வதன்று. ஆண்டுக்கு ஒருமுறை நவம்பரில் வரும் தலித் விடுதலை ஞாயிறன்று மட்டும் பறைக்குழுவை வரவழைத்து, பேராயரை வாசலிலிருந்து பீடம்வரை அழைத்துவரச் செய்து, சாப்பாடும் கூலியும் கொடுத்து அனுப்பிவிடுவது பண்ணையார் செய்ததற்கு வெகு தொலைவில் இல்லை. ஆயர்கள் முதலில் செய்யவேண்டியது கேட்பது. பறையைக் கீழே வைத்த முதியவர்களின் கதையைக் கேட்டு, அதைச் சபையின் வரலாறாக எழுதி வைக்கவேண்டும். பின்னர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தாமாக விரும்பி அதை எடுத்தால், அவர்களுக்கு வாசலிலன்று, பாடகர் குழுவின் இருக்கையில் இடம் தரவேண்டும். அவர்கள் எடுக்க விரும்பாவிடில், அந்த மறுப்பையும் வழிபாட்டின் ஒரு பகுதியாக மதிக்கவேண்டும்.

ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாயினால் ஆண்டவர் வெறுத்துத் தள்ளியது இனிமையற்ற இசையை அன்று; நீதியற்ற சபையின் இனிய இசையை. கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கும் ஊரில், பந்தியில் இடைவெளி இருக்கும் ஊரில், எந்தக் கருவி ஒலித்தால் என்ன? ஒரே உலையில் பொங்கும் நாள் வந்துவிட்டால், அன்று எந்தக் கருவி ஒலிக்கவேண்டும் என்பதை அங்கே கூடி உண்பவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.